இருட்டறைச் சாவி

பனையூரணி, சிக்கல் வழி
28.6.2024

அன்புத் தம்பி வினோத்துக்கு அக்கா நாகஜோதி எழுதுவது. இங்கன உன் மாமா, நம்மளைப் பெத்த அய்யா, துர்கா, உன் மக தன்ஷிகா, ஆடு மாடு வரைக்கும் எல்லாரும் சுகமா இருக்கோம். அங்கன மலை மேல குளிர் எப்படி? கைவிரல் வெடிச்சு ரத்தம் வருதுன்னு எழுதியிருந்தியே, ஆறிருச்சா?

பதினைஞ்சு நாளைக்கு ஒருக்கா கிடைக்கிற அந்தப் பத்து நிமிஷ போனும் துர்காவுக்கே போயிருது. போகட்டும், பொண்டாட்டிகிட்டதான பேசணும். அதான் நான் பேனாவைப் பிடிச்சிட்டேன். எழுத்து கோணலா இருந்தா சிரிக்காதே. பால்வாடியில பிள்ளைகளுக்கு "அ" போட்டுப் போட்டு என் கையும் அப்படியே ஆயிப்போச்சு.

பால்வாடியில இப்ப ஒரு புதுக்கூத்து நடக்குது. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பிள்ளையோட வீட்டாள்களை வரச் சொல்லி, அவங்க வீட்டுப் பழக்கவழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லணும்னு சூப்பர்வைசர் மேடம் சொல்லிட்டாங்க. முத வாரம் நம்ம கடைக்கார ஹமீது பெஞ்சாதி நோன்புக் கஞ்சி காச்சிக் கொண்டாந்தா. உன் மக மூணு டம்ளர் குடிச்சிட்டு அங்கனயே தூங்கிட்டா. ரெண்டாவது வாரம் கீழத்தெரு கூத்தையா வந்து, ஆடு கூப்பிடுறதுக்கு எத்தனை சத்தம் இருக்குன்னு சொல்லிக் கொடுத்தாரு. தண்ணிக்குக் கூப்பிட ஒண்ணு, நாய் வந்தா ஒண்ணு, குட்டியைப் பிரிஞ்ச தாய்க்கு ஒண்ணு. இப்ப ஊர்ல ஒரு பிள்ளையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டேங்குது, எல்லாம் ஆட்டுச் சத்தம்தான்.

"கீழத்தெருக்காரன் வந்து நம்ம பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துறானாக்கும்" அப்படின்னு மேலத்தெருவுல முணுமுணுப்பு. நம்ம தெருப் பிள்ளைக எட்டு, அவங்க பிள்ளைக ஆறு, பதினாலும் ஒரே பாயில உக்காந்து ஒரே முட்டையைத் தின்னுதுங்க. பாடம் நடத்துனா மட்டும் வலிக்குதா இவங்களுக்கு?

ஆடி மாசம் முளைப்பாரி போடலாம்னு இருக்கேன். ஊர் முளைப்பாரியில கீழத்தெருவுக்கு இடம் கிடையாது, அவங்க தனியாத்தான் போடுவாங்க, உனக்குத் தெரியும். பால்வாடியில அப்படி இல்ல. பதினாலு சட்டி, ஒரே இருட்டறை. கூத்தையா மருமக ராக்குகிட்ட சொன்னேன். அவ மூத்த மக பூங்கோதை நம்ம பால்வாடியிலதான் இருக்கா, இவளுக்கு இப்ப ரெண்டாவது, அஞ்சு மாசம். "நெசமாவா டீச்சர்? ஒரே ரூம்லயா?" அப்படின்னு மூணு தடவை கேட்டா. மூணு தடவையும் ஆமான்னேன்.

வெறும் வயித்தோட டூட்டிக்குப் போகாதே.
உன் அக்கா,
நாகஜோதி


மலை முகாம்
13.7.2024

அக்காவுக்கு வினோத்குமார் எழுதுவது. எனக்குச் சுகம். விரல் ஆறிருச்சு. உனக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு? மாமாவைக் கேட்டதாச் சொல்லு.

கடிதத்தை முகாமுல வாசிச்சுக் காட்டினேன். இங்கன ஒரு பஞ்சாபிக்காரன் இப்ப ஆட்டுச் சத்தத்துலதான் என்னை டீக்குக் கூப்பிடுறான். கூத்தையாகிட்ட சொல்லு, அவர் பாடம் எல்லை வரைக்கும் வந்திருச்சு.

முளைப்பாரிக்கு அய்யா ஒத்துக்கிட்டாரா? எனக்குச் சந்தேகமா இருக்கு. ஒத்துக்கலைன்னாலும் விடாதே.

அக்கா, ஒண்ணு சொல்றேன், துர்காவுக்குத் தெரிய வேண்டாம். போன வாரம் ரோந்துக்குப் போகையில பாதை சரிஞ்சிருச்சு. நாலாவது ஆளா எனக்கு நேர் முன்னால போனவன் சரிவோட போயிட்டான். தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க. நான் அவன் பூட்ஸ் தடத்துலதான் காலை வச்சுப் போயிக்கிட்டிருந்தேன். யாருகிட்டயாவது சொல்லணும்னு இருந்துச்சு, உங்கிட்டச் சொல்லிட்டேன். இனி அந்தப் பாதையில அக்டோபர் வரைக்கும் எங்களுக்கு டூட்டி இருக்கு. கவலைப்படாதே.

தன்ஷிகா சட்டியை போட்டோ எடுத்து அனுப்பு.
தம்பி,
வினோத்


பனையூரணி
27.7.2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் நேத்துத்தான் வந்துச்சு. நீ சுகம்னு முத வரியில எழுதியிருக்கே. நாலாவது பத்தியைப் படிச்சிட்டு அந்த முத வரியை எப்படிடா நம்புறது? சோத்துல கை வச்சவ அப்படியே எந்திரிச்சிட்டேன். துர்கா "என்ன மதினி எழுதியிருக்காங்க"ன்னு கேட்டா. "சளி பிடிச்சிருக்காம்"னு சொல்லிட்டேன். இனி என்ன நடந்தாலும் எனக்கு எழுது. எழுதாம இருந்துராதே. ஆனா எழுதுனா எனக்குத் தாங்கவும் மாட்டேங்குது, என்ன செய்ய.

செவ்வாக்கிழமை விதை போட்டாச்சு. அய்யா முதல்ல குதிச்சாரு. அப்புறம், "இருட்டறைச் சாவி நாகு இடுப்புல இருக்கும்னா சரி"ன்னு சொல்லிட்டாரு. வழக்கப்படி ஒருத்திதான் உள்ள போகணும், தண்ணி தெளிக்கணும், பத்து நாளைக்கு வேற கண்ணு படக் கூடாதில்ல. ஆயா போஸ்டும் காலியாத்தான் இருக்கு. அதனால சத்துமாவு வைக்கிற ஸ்டோர் ரூமை ஒழிச்சு, ஜன்னலுக்குச் சாக்கு அடிச்சு, நான் மட்டும் போயிட்டு வாரேன்.

ஒவ்வொரு வீட்டுலயும் துணியில முடிஞ்சு விதை கொடுத்துவிட்டாங்க. முடிச்சை எங்கிட்டதான் பிரிச்சாங்க. துர்கா நம்ம தெக்குக்காட்டுப் பாசிப்பயறு கொண்டாந்தா. "தன்ஷிகா பேர் எழுதுங்க மதினி, ஆனா இது அவ அப்பாவுக்காகப் போடுறது"ன்னு சொல்லிட்டு, நடு ரூம்ல விழுந்து கும்பிட்டா. ராக்கு கொண்டாந்தது மொச்சை. களையெடுக்கப் போன காட்டுல கூலியோட கொடுத்தாங்களாம், அதுல நல்லதாப் பார்த்துப் பொறுக்கியிருந்தா. வயித்துப் பிள்ளைக்கும் பூங்கோதைக்கும் சேர்த்துன்னு சொன்னா. சட்டி மேல எல்லாப் பேரையும் சாக்பீஸ்ல எழுதி வச்சேன்.

சட்டி எப்படி இருக்குன்னு கேட்காதே. எடுக்கிற வரைக்கும் சொல்லக் கூடாது. துர்கா விடியக்காலமே வந்து கதவுகிட்ட நிக்கா, அவளுக்கும் இதே பதில்தான்.

பாதையில பார்த்துக் காலை வை. அடுத்தவன் தடத்தை நம்பாதே.
அக்கா


பனையூரணி
5.8.2024

தம்பி வினோத்துக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்காம இதை எழுதுறேன். உடம்பு சுகமா? இங்கன எல்லாரும் சுகம்.

வெள்ளிக்கிழமை முளைப்பாரி வெளிய எடுத்தோம். உன் மக சட்டி ஒரு முழ உசரம்டா! தங்க நெறம். துர்கா அழுத அழுகை இருக்கே, "அவங்களுக்கு ஒண்ணும் வராது மதினி, ஒண்ணும் வராது"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடல. மாமா போன்ல எடுத்த போட்டோவை சிக்கல் கடையில பிரிண்ட் போட்டு இத்தோட வச்சிருக்கேன். சட்டியைத் தூக்கிக்கிட்டு நிக்கிற உன் மகளைப் பாரு, பல்லெல்லாம் தெரிய எப்படிச் சிரிக்குறா. பொங்கல் வச்சோம். கும்மி அடிச்சோம். ஹமீது பெஞ்சாதிகூட ரெண்டு சுத்து வந்தா.

பதினாலுல பதிமூணு நல்லா வந்துச்சு. ஒண்ணு மட்டும் அழுகிருச்சு. பூங்கோதை சட்டி. என்ன செய்ய, எதுலயும் ஒண்ணு அப்படி ஆகத்தான் செய்யும். நம்ம தெருப் பொம்பளைக வாய் சும்மா இருக்குமா? "எங்க எதை வைக்கணும்னு சாமிக்குத் தெரியும்"னு ஒருத்தி சொன்னா. நான் அதட்டினேன். ராக்கு அந்தச் சட்டியை ஒரு தடவை பார்த்தா, தன்ஷிகா சட்டியை ஒரு தடவை பார்த்தா. மகளைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா. பொங்கல் வாங்கல.

நீ தைரியமா இரு. உன் சட்டி நல்லா வந்திருக்கு.
அக்கா


மலை முகாம்
28.8.2024

அக்காவுக்கு,

நான் சுகம். நீ சுகமா?

போட்டோ வந்துச்சு. மகளைத்தான் முதல்ல பார்த்தேன். அரை மணி நேரம் அவளையே பார்த்தேன். அப்புறம்தான் சட்டியைப் பார்த்தேன்.

அக்கா, நான் பட்டாளத்துக்கு வந்து ஒன்பது வருஷம்தான் ஆகுது. அதுக்கு முன்னால பத்து வருஷம் அய்யாகூடக் காட்டுல நின்னவன். பாசிப்பயறு முளைச்சு விடுற முத இலை ஒல்லியா, நீட்டமா இருக்கும். போட்டோவுல இருக்கிறது அகல இலை. மொச்சை.

நீதான் எழுதியிருந்தே, யாரு எந்த விதை கொடுத்தான்னு. அந்தக் கடிதத்தை எடுத்து வச்சுக்கிட்டுத்தான் இதை எழுதுறேன்.

கேட்க வேண்டியது ஒண்ணுதான். அழுகினது யாரு சட்டி?
வினோத்


பனையூரணி
12.9.2024

தம்பிக்கு,

நலமா இருக்கியா? சளி கிளி இல்லையே?

போட்டோ மங்கல்டா. சிக்கல்ல அந்தக் கடைக்காரன் மை தீர்ந்த மெஷின்ல போட்டுத் தந்தான். அதுல போயி இலை அகலமா ஒல்லியான்னு பார்த்துக்கிட்டிருக்கே. துப்பாக்கி துடைக்கிற வேலை இல்லையா அங்கன?

இங்கன எனக்கு வேற தலைவலி. முளைப்பாரி எடுத்த நாள்ல இருந்து ராக்கு பால்வாடிக்கே வரல. பிள்ளையும் வரல. மாசாமாசம் எடை பார்க்கணும், சத்துமாவு வாங்கணும், ஏழு மாசம் ஆச்சு. ரெண்டு தடவை ஆள் விட்டேன், வரல. சட்டி அழுகினதுக்காக விரதம் இருக்கான்னு ஊர்ல பேசிக்கிறாங்க. வயித்துப் பிள்ளைக்கு ஆகாதுன்னு பயந்துபோயி, ஒரு பொழுதுதான் சாப்பிடுறாளாம். அவ புருஷன் பிரபு புதுமடத்துல படகுக்கு ஐஸ் ஏத்துற வேலைக்குப் போயிட்டான், வாரத்துக்கு ஒருக்காத்தான் வாரான். கேக்க ஆளில்ல. போன தடவை பார்த்தப்பவே ரத்தம் கம்மின்னு நர்ஸம்மா சொல்லியிருந்தாங்க.

நான் நேர்ல போகலையான்னு கேப்பே. போகணும். முழங்கால் வலி.

நம்ம தெருவுல இருந்து மனு எழுதப் போறாங்களாம், வெள்ளிக்கிழமைக்கு இனி கீழத்தெரு வீடுகளைக் கூப்பிடக் கூடாதுன்னு. "சட்டியே சொல்லிருச்சே"ங்கிறாங்க. நான் என்னத்தைச் சொல்றது?

இலையைப் பத்தி இனி எழுதாதே. துர்கா சந்தோஷமா இருக்கா. உன் மக சந்தோஷமா இருக்கா. நீ உசுரோட இருக்கே. எனக்கு அது போதும்.
அக்கா


மலை முகாம்
30.9.2024

அக்கா,

சுகம் விசாரிக்க இப்ப மனசு இல்ல.

முழங்கால் வலின்னு எழுதியிருக்கே. கீழத்தெரு நம்ம வீட்டுல இருந்து இருநூறு அடி. முளைப்பாரி நாள்ல கும்மி அடிச்சேன்னு எழுதினவளும் நீதான்.

ஒரு புள்ளைத்தாச்சி பட்டினி கிடக்கா. எம்பேர்ல இருந்த அழுகலைத் தூக்கி அவ தலையில வச்சதுனால கிடக்கா. இப்படி ஒரு ஆயுசு எனக்கு வேணும்னு உன்கிட்ட எப்பக்கா கேட்டேன்? நான் இங்கன யாரு எந்தத் தெருன்னு பார்த்தா கயித்தைப் பிடிக்கிறேன்? போன மாசம் நான் வழுக்கினப்ப என்னை இழுத்து மேல விட்டவன் எந்த ஊரு, என்ன சாதின்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

மனு எழுதுறவங்களுக்கு நீ என்னத்தைச் சொல்றதுன்னு கேட்டிருக்கே. உனக்குத் தெரியும் என்னத்தைச் சொல்லணும்னு.

பனி ஆரம்பிச்சிருச்சு. பாதை அடைச்சா தபாலும் நின்னுரும், போனும் சந்தேகம். எங்கிட்ட இருந்து கடிதம் வரலைன்னா அதுக்குக் காரணம் பனிதான். சட்டி இல்ல. இதை மறக்காதே.
வினோத்


பனையூரணி
14.10.2024

என் தம்பிக்கு,

நீ எப்படி இருக்கேன்னு கேக்குறதுக்கு முன்னால சொல்லிர்றேன். நான்தான் மாத்தினேன்.

உன் கடிதம் வந்துச்சே, பாதை சரிஞ்சதுன்னு. விதை போட்டு மூணாவது நாள் அது. அன்னையில இருந்து உன் சட்டிக்கு மட்டும் ரெண்டு வேளையும் தண்ணி ஊத்தினேன்டா. தெளிக்கணும், ஊத்தக் கூடாது, எல்லாம் தெரியும். கை நிக்கல. ஏழாம் நாள் போயி பார்த்தா நாத்தமடிக்குது. பக்கத்துல பூங்கோதை சட்டி சும்மா நெடுநெடுன்னு நிக்குது. சேலை முந்தியால ரெண்டு பேரையும் அழிச்சேன். சாக்பீஸ் எடுத்து மாத்தி எழுதினேன். அவ்வளவுதான், ஒரு நிமிஷ வேலை. ஒரே ரூம்தான்னு அந்தப் பிள்ளைகிட்ட மூணு தடவை சொன்னவ நான்.

பதிமூணு வேற சட்டி இருந்துச்சே, ஏன் ராக்கு சட்டியை எடுத்தேன்னு நீ கேக்கல. நானே என்னைக் கேட்டுக்கிட்டேன். பக்கத்துல இருந்துச்சுன்னு சொல்லிக்கலாம். இல்லடா. மேலத்தெரு சட்டி எதையாவது எடுத்திருந்தா நாளைக்கு அவங்க மூஞ்சியில முழிக்கணுமேன்னு பயம் வந்திருக்கும். ராக்கு சட்டியை எடுக்கையில அந்தப் பயம் வரல. அம்புட்டுதான் நான்.

நேத்து அவ வீட்டுக்குப் போனேன். வாசல்ல உக்காந்து வெறகு ஒடிச்சுக்கிட்டிருந்தா. காலெல்லாம் வீங்கியிருந்துச்சு. "ராக்கு, விரதம் எல்லாம் வேண்டாம்மா, அழுகினது உன் சட்டி இல்ல"ன்னு ஆரம்பிச்சேன். அவ கையை நிறுத்தாம, "தெரியும் டீச்சர்"னா.

நான் வெறகுக்குப் பக்கத்துல உக்காந்தேன்.

"ஒவ்வொரு பயறா பொறுக்கினவ நான். என் மொச்சை இலை எனக்குத் தெரியாதா? அன்னைக்கே தெரியும்."

"அப்ப எதுக்கும்மா பட்டினி கிடக்கே, சாமிக்குப் பயந்தா?"

"பட்டினின்னு யாரு சொன்னா? அடுத்த ஊரு பால்வாடிக்கு நடந்து போறேன். அந்த டீச்சர் பாவம் பார்த்து மாவு கொடுக்கிறா, எடை பார்க்கிறா. சாமிக்குப் பயமும் இல்ல, கீமிக்குப் பயமும் இல்ல. உங்க மூஞ்சியில முழிக்கப் பிடிக்கல, அதான் வரல."

மூணு கிலோமீட்டர்டா. எட்டு மாச வயித்தோட, இந்த வெயில்ல. போக மூணு, வர மூணு.

அன்னைக்கே ஏன் கேக்கலைன்னு கேட்டேன். சிரிச்சா பாரு, அந்தச் சிரிப்பை என்னால எழுத முடியாது. "கேட்டா யாரு நம்புவா டீச்சர்? சாவி உங்ககிட்ட இருந்துச்சு"ன்னா.

மன்னிச்சிருன்னு சொன்னேன். "இங்கன, எங்க வாசல்ல, யாருக்கும் கேக்காம சொல்லாதீங்க. அன்னைக்கு எத்தனை பேர் நின்னாங்களோ அத்தனை பேர் முன்னால சொல்லுங்க"ன்னா. வாற வெள்ளிக்கிழமை எல்லாரையும் வரச் சொல்லியிருக்கேன். துர்காவை நெனச்சாத்தான் பயமா இருக்கு.

நீ பத்திரமா இரு. இதை உன்கிட்டதான் கேக்க முடியும்.
அக்கா


பனையூரணி
11.11.2024

வினோத்து,

எங்கடா இருக்கே? உடம்பு எப்படி இருக்கு? ரெண்டு போன் முறை தப்பிப்போச்சு. கடிதம் இல்ல. பனிதான், பனிதான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டிருக்கேன். உன் கடைசிக் கடிதத்தை மடிச்சு மடிச்சு நாலாக் கிழிஞ்சிருச்சு.

சொல்லிட்டேன். பதினெட்டாம் தேதி, எல்லார் முன்னாலயும். "பூங்கோதை சட்டிதான் முழ உசரம் வளந்துச்சு. அழுகினது என் தம்பி சட்டி. மாத்தினது நான்." மூணே வரிதான், தண்ணி குடிச்சிட்டுச் சொன்னேன். ராக்கு கதவு நிலையில சாஞ்சு நின்னு கேட்டா. கேட்டு முடிச்சதும் கூத்தையாவைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா.

அய்யாதான் எந்திரிச்சாரு. "நாகு, உன்னை நம்பித்தானே அந்தச் சாவியைக் கொடுத்தோம்"னாரு. வையுவாருன்னு இருந்தேன், வஞ்சிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். இப்ப அவரு வீட்டுக்குப் போனா திரும்பிப் படுத்துக்கிறாரு.

துர்கா என் பின்னாலயே வந்தா. எங்க வீட்டுக் கதவைச் சாத்திட்டுச் சொன்னா: "எனக்கும் தெரியும் மதினி. நான் கொடுத்தது பாசிப்பயறு, சட்டியில நின்னது மொச்சை. பார்த்த உடனே தெரியும். பேசாம இருந்தா அவங்க நல்லா இருப்பாங்கன்னு இருந்தேன். நீங்க வாயைத் திறந்துட்டீங்க. இனி அவங்களுக்கு ஒண்ணுன்னா நான் உங்களைத்தான் கேப்பேன்." பாரு, ராக்குக்குத் தெரியும், துர்காவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மூணு பேரும் ரெண்டரை மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கோம். அதைச் சொன்ன நாள்ல இருந்து உன் போன் வரல. அவ தன்ஷிகாவை பால்வாடிக்கு அனுப்புறதை நிறுத்திட்டா. என்னைக் கண்டா தெருவுல அந்தப் பக்கமா ஒதுங்கிப் போறா.

நம்ம தெருப் பிள்ளைக எட்டுல ஆறு வரல. மேலிடத்துல இருந்து மெமோ வந்துச்சு. நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். வேலை இருக்குமோ போகுமோ தெரியாது. இப்ப அதெல்லாம் எனக்குப் பெரிசாப் படல.

ராக்குக்கு ஒன்பதாம் தேதி பொண்ணு பிறந்திருக்கு. ரெண்டு கிலோ எழுநூறு. ரெண்டும் சுகம்னு கூத்தையா தெருவுல நின்னு எல்லாருக்கும் கேக்கச் சொல்லிட்டுப் போனாரு.

ஒரு வரி எழுது. "இருக்கேன்"னு ஒரே வார்த்தை எழுது. எனக்கு வேண்டாம், துர்காவுக்கு எழுது.
அக்கா


மலை முகாம்
26.11.2024

அக்கா,

இருக்கேன்.

முப்பத்தஞ்சு நாள் பாதை அடைச்சிருந்துச்சு. போன் கம்பம் பனியில போயிருச்சு. நேத்துத்தான் ஹெலிகாப்டர் வந்துச்சு, உன் கடிதம் ரெண்டும் ஒரே மூட்டையில கிடந்துச்சு. தேதி பார்த்து அடுக்கிவச்சுப் படிச்சேன். துர்காவுக்குத் தனியா எழுதிட்டேன். அவளையும் விட்டுரு, பயந்தவ. எனக்கும் பயம்தான். பயம் இல்லாட்டி அன்னைக்குப் பாதை சரிஞ்சதை உனக்கு எழுதியிருப்பேனா? அந்தச் சட்டிக்கு நீ ஊத்தின தண்ணியில பாதி நான் ஊத்தினது.

அழுகின சட்டி என்னுது. அந்தச் சட்டிக்காரன் இப்ப கெட்டில்ல சூடா டீ போட்டுக் குடிச்சிக்கிட்டு இதை எழுதுறான். மேலத்தெருவுல கேட்டா இதைச் சொல்லு.

ராக்குகிட்ட என் மன்னிப்பைச் சொல்லிரு. எழுதக் கூச்சமாத்தான் இருக்கு, ஆனாலும் எழுதுறேன். வெள்ளிக்கிழமையை நிறுத்தாதே. ரெண்டு பிள்ளை வந்தாலும் நடத்து.

உன் முழங்காலுக்கு எண்ணெய் போடு. நெசமாவே வலிச்சா.
தம்பி


பனையூரணி
23.12.2024

அன்புத் தம்பிக்கு,

நீ போட்ட அந்த ஒரு வார்த்தையை நான் எத்தனை தடவை படிச்சேன்னு கேக்காதே. இங்கன எல்லாரும் சுகம். அய்யா நேத்துத்தான் என் கையால காப்பி வாங்கினாரு. பேசல, வாங்கினாரு. இந்த வருசம் மெமோவோட விட்டுட்டாங்க, வேலை இருக்கு.

பிள்ளைக பத்து பேர் வாராங்க. போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி, முப்பது நாள் கழிஞ்சதும், ராக்கு கைப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டு பூங்கோதையோட வந்துட்டா. நாலு மாசத்துக்கு அப்புறம் வாசப்படி தாண்டி உள்ள வாரா. பிள்ளையை எடை மெஷின்ல வச்சா. மூணு எழுநூறு. நான் கார்டுல எழுதினேன். உன் மன்னிப்பைச் சொன்னேன். "அவுக என்ன செஞ்சாக"ன்னு சொல்லிட்டு, இடுப்புல இருந்து ஒரு முடிச்சை எடுத்தா. மொச்சை.

"திரும்பவும் போடுவோம் டீச்சர். சாமிக்கு இல்ல, பிள்ளைகளுக்கு"ன்னா.

சட்டிகளை எடுத்து வச்சேன். சாக்பீஸ் எடுத்தேன். "சாக்பீஸ் வேணாம், ஆணி இருந்தா கொடுங்க"ன்னா. காலண்டர் மாட்டியிருந்த ஆணியைப் பிடுங்கிக் கொடுத்தேன். சம்மணம் போட்டு உக்காந்து, சட்டியை மடியில வச்சு, ஒவ்வொரு எழுத்தா கீறி, பூங்கோதைன்னு எழுதினா. மண்ணு துகளா உதிர்ந்துச்சு. பத்துச் சட்டிக்கும் அவளே கீறினா. பிள்ளைக சுத்தி நின்னு பார்த்துச்சுங்க.

அப்ப வெளிக்கதவுகிட்ட துர்கா நின்னா. தன்ஷிகா கையில ஒரு முடிச்சு. உள்ள வரல. ராக்கு நிமிந்து பார்த்து, "யாரு பேருக்கு?"ன்னு கேட்டா. துர்கா முடிச்சோட தன்ஷிகாவை உள்ள அனுப்பினா. "அவங்களுக்குத்தான்"னா. ராக்கு ஒரு சட்டியை எடுத்தா. வினோத்குமார்னு கீறினா. முடிச்சைப் பிரிச்சு, பாசிப்பயறை உள்ளங்கையில பரப்பிப் பார்த்து, சொத்தை ரெண்டைத் தள்ளிட்டு மீதியைப் போட்டா.

எல்லாத்தையும் இருட்டறையில வச்சுட்டுக் கதவைப் பூட்டினேன். திரும்பினா ராக்கு கையை நீட்டிக்கிட்டு நிக்கா.

"சாவியைக் கொடுங்க. இந்தத் தடவை தண்ணி நான் தெளிக்கிறேன்."

துர்கா வெளிக்கதவுகிட்ட நின்னு என்னையே பார்த்தா. "கொடுக்காதீங்க மதினி, அவங்க சட்டி உள்ள இருக்கு"ங்கிற பார்வை. நான் இடுப்புல இருந்து அவுத்துக் கொடுத்துட்டேன் தம்பி.

இன்னையோட பத்து நாள் ஆச்சு. ராக்கு காலையில வாரா, உள்ள போறா, கதவைப் பூட்டிட்டுப் போறா. உன் சட்டியும் உள்ளதான் இருக்கு. எப்படி இருக்குன்னு நான் கேக்கல. நாளைக்கு எடுக்கிறோம்.

உடம்பைப் பார்த்துக்க.
உன் அக்கா,
நாகஜோதி